எடைமேடையில் டெல்மா

செத்து ஆறு வருஷமும் நாலு மாசமும் கழிந்த பிறகு, மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலு பத்துக்கு, டெல்மா சங்குமுனை எடைமேடையில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தாள். அதை முதலில் கண்டவள் வடிவு. கண்டாள் என்றால் ஆளைக் காணவில்லை. உப்பு லாரிகள் ஏறி நிற்கிற அந்த அறுபதடி இரும்புத் தளம் வெயிலில் வெறுமனே கிடந்தது, ஒரு காக்கைகூட அதில் இல்லை, ஆனால் கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் முன்னால் இருந்த எண்பலகையில் சிவப்பாக நாற்பத்தேழு என்று வந்தது, பூஜ்யம் என்று வந்தது, மறுபடி நாற்பத்தேழு, மறுபடி பூஜ்யம். பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் பிரித்துச் சொல்லத் தெரியாத எந்திரம் அது. நாற்பது சொல்லும், ஐம்பது சொல்லும். நாற்பத்தேழு அதன் வாயில் வராத எண். பதினாலு வருஷமாக அந்தக் கூண்டில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடை பார்க்கிற வடிவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் எந்திரத்தை அணைக்கவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. மேசைமேல் கிடந்த அவள் கை தானாகவே தாளம் தட்ட ஆரம்பித்திருந்தது. மூன்று குதி, ஒரு விடுதல், இரண்டு குதி, அப்புறம் மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அது எந்தப் பாட்டு என்று தெரிந்ததும் அவளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. நாலு நிமிஷம் போல அது நடந்தது, பிறகு ஒரு குதியின் பாதியில், ஏறின கால் இறங்காமலே, பூஜ்யத்தில் நின்றுபோயிற்று.

‘நாலு மணிச் சங்கு’ என்று அந்த ஊரில் ஒரு குழு இருந்தது. மூன்றே பேர். பேஸ் கித்தாருக்கு ரெமிஜியுஸ், டிரம்ஸுக்குக் காஜா, இன்னொரு கித்தாருக்கும் பாட்டுக்கும் டெல்மா. மூடிக் கிடந்த நூல் மில்லின் சங்கு ஒரு காலத்தில் நாலு மணிக்கு ஊதும், அதைக் கேட்டு ஊரே கையில் இருப்பதைக் கீழே போடும், அதுதான் பேர். இந்த மாதிரி இசைக்கு வெளியூரில் டான்ஸ் பங்க் என்று பேர் என ஒரு பத்திரிகைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஊரில் குதிப்புப் பாட்டு என்றார்கள், முகம் சுளித்துத்தான் சொன்னார்கள். வடிவு மட்டும் சுளிக்கவில்லை. அவர்கள் நடத்திய இருபத்தொரு கச்சேரிக்கும் போனவள் சங்குமுனையில் அவள் ஒருத்திதான். ஐஸ் கம்பெனிக் கொட்டகையில், மீனவர் சங்கத்து மே தினத்தில், பெண்ணின் மாமா தெரியாத்தனமாகக் கூப்பிட்டுவிட்ட ஒரு கல்யாணத்தில், எல்லா இடத்திலும் அவள் போய், கைப்பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, முன்வரிசையின் வலது ஓரத்தில் நின்றாள்.

முதலில் ரெமிஜியுஸின் பேஸ் வரும், வழி தெரிந்த ஆள் முன்னால் நடக்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஆனால் நிற்கவே நிற்காமல். அதற்கு மேல் காஜா, இடது கையால் ஒரு மாட்டு மணியை அடித்துக்கொண்டே வலது கையால் மற்றதையெல்லாம் அடிப்பான். டெல்மாவின் கித்தாரில் இனிமை என்று ஒன்றும் கிடையாது. பாத்தியில் உப்பு வாருகிற பலகை தரையில் உரசுமே, பல் கூசுமே, அந்தச் சத்தம். அவள் பாடவும் மாட்டாள், பேருந்தில் இடம் விடாதவனிடம் சண்டைக்குப் போகிற மாதிரி சொல்லுவாள், சொல்லிச் சொல்லி ஒரு சொல்லில் வந்து நின்று அதையே பத்து தடவை, இருபது தடவை சொல்லுவாள், அந்தச் சொல் அர்த்தமெல்லாம் உதிர்ந்து வெறும் அடியாக ஆகும்வரை சொல்லுவாள், அப்போது கொட்டகையில் நிற்கிற யாருக்கும் கால் தரையில் தரிக்காது. கோபம் வந்தால் ஆட்டம் வராது, ஆட்டம் வந்தால் கோபம் இருக்காது என்றுதான் வடிவு அதுவரை நினைத்திருந்தாள். நாலடிக்கு நாலடிக் கூண்டில் நாள் முழுக்க மடக்கி வைத்திருந்த கால்கள் தன்னுடையவை என்று அவளுக்கு அந்தப் பாட்டுகளில்தான் தெரிந்தது. மொத்தம் பத்தொன்பது பாட்டு. பத்தொன்பதும் அவளுக்கு மனப்பாடம்.

இருபத்தோராவது கச்சேரியில் பேர் வைக்காத புதுப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். பாதியில், சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, யாரோ மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மேலே போன கால் இறங்கும் முன் மைக் செத்தது. “மிச்சத்த நாளைக்கு வச்சுக்கிடுவோம்” என்று டெல்மா செத்த மைக்கிலேயே சொன்னாள், முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, ஒத்திகைக்கு ஸ்கூட்டரில் போனவளைப் பாலத்து இறக்கத்தில் ஓர் உப்பு லாரி அடித்துப் போட்டது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயசு.

மூன்று நாள் வடிவு யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலாம் நாள் நாலு பத்துக்கு முத்துக்கருப்பன் என்கிற டிரைவரின் லாரி மேடைமேல் நின்றது. இருபத்துநாலாயிரம் என்று நின்ற எண், நாற்பத்தேழு கூடி, நாற்பத்தேழு குறைந்து, துடிக்க ஆரம்பித்தது. முத்துக்கருப்பன் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தான், அடியில் குனிந்து பார்த்தான், கூண்டின் ஜன்னலுக்கு வந்தான்.

“எக்கா, ஆரோ மேல நின்னு குதிக்க மாதிரி இருக்கு. ஆளக் காணோம்.”

“டெல்மா” என்றாள் வடிவு.

“பாட்டுப் படிச்சுதே, அந்தப் பிள்ளையா?”

“ஆமா.”

“அப்ப முடியட்டும்” என்று சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் போய்க் குத்தவைத்து ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டதும் ஏறக்குறைய அப்படித்தான். நாலு பத்திலிருந்து நாலு பதினாலு வரை மேடையில் வண்டி ஏற்றக் கூடாது என்று டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், வரிசையில் நிற்கிற லாரிகள் என்ஜினை அணைத்தன, அணைத்ததால் அந்த இரும்புத் தளம் லேசாக, தூரத்தில் யாரோ மாவு இடிக்கிற மாதிரி, அதிர்வது எல்லாருக்கும் கேட்டது, அந்த அதிர்வு மண் வழியாகப் போய் உப்பளத்துப் பாத்திகளில் நீரைச் சுருக்கம் சுருக்கமாக நடுங்க வைத்தது, அதைப் பார்த்து உப்பு வாருகிற பெண்கள் பலகையைச் சாய்த்துவிட்டு முதுகை நிமிர்த்தி நின்றார்கள், எத்தனையோ வருஷம் கேட்டும் கிடைக்காத சாயங்கால ஓய்வு அப்படி நாலு நிமிஷமாக அவர்களுக்குக் கிடைத்தது, எந்த அளத்து முதலாளிக்கும் அதைக் கேட்க வாய் வரவில்லை. பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார். ஈரம் காய்கிற வரைக்கும் குதித்தது, காய்ந்த பிறகும் குதித்தது, அவர் மறுநாளிலிருந்து சும்மா வந்து நின்றுவிட்டுப் போனார். எடை முத்திரை குத்துகிற அதிகாரி இரண்டு நாள் தங்கிச் சோதித்து, எந்திரத்தில் பழுது இல்லை, மேற்படி நாலு நிமிஷம் மட்டும் உபயோகிக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டினார். கல்லூரிப் பிள்ளைகள் படம் எடுக்க வந்தார்கள், ஆனால் செல்போனில் எண்பலகை பூஜ்யத்திலேயே நின்றது, அதனால் நேரில் வந்தவர்களுக்கு மட்டும்தான் அது. வந்தவர்கள் மேடையைச் சுற்றி நின்று முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு காலால் மண்ணைத் தட்டினார்கள், பிறகு ஆடினார்கள். பாட்டு இல்லாமல், வாத்தியம் இல்லாமல், சிவப்பு எண்ணைப் பார்த்துப் பார்த்து ஒரு கூட்டம் வாய் பேசாமல் ஆடியது. டெல்மா உயிரோடிருந்தபோது அவளுக்கு இந்தக் கூட்டத்தில் கால்வாசி வந்திருந்தால் போதும் என்று வடிவு நினைப்பாள். கூண்டை விட்டு இறங்கி அவள் ஒரு நாளும் ஆடவில்லை.

எடைமேடை முதலாளி சுயம்புக்கனி அண்ணாச்சிக்கு மட்டும் தினமும் நாலு மணிக்கு வெளியே ஏதாவது ஒரு வேலை வந்தது.

பங்குனிக் கடைசியில் ஜெனோவா வந்தாள். டெல்மாவின் அம்மா. கான்வென்ட் விடுதியில் சமையல் செய்கிறவள், அறுபத்தொரு வயசு, பாத்திரம் தூக்கித் தூக்கி ஒடிசலாகக் காய்ந்த உடம்பு. டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கூண்டின் வாசலில் போட்டு உட்கார்ந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, மேடையையும் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தாள்.

“நாப்பத்தேழா?”

“ஆமாம்மா.”

“அம்பத்தொண்ணு இருந்தா. கடேசி வருஷம் சரியாவே சாப்பிடல.”

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் தவறவில்லை. மூன்றரைக்கு வந்துவிடுவாள், நாலு பதினாலுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் இருப்பாள். ஒரு நாள், “அவ பாட்டு ஒண்ணுகூட நான் கேட்டதில்ல. வீட்ல எடுத்தான்னா ஜன்னலச் சாத்திட்டு அடுக்களைக்குப் போயிருவேன்” என்றாள். இன்னொரு நாள் கேட்டாள்: “ஏ வடிவு, இவ ஏன் இங்க வாரா? வீட்டுக்கு வரலாம்ல. நான் கதவப் பூட்டுததுகூட கிடையாது.”

வடிவு பேனாவை மூடித் திறந்து மூடினாள். வரிசையில் நின்ற லாரி ஹாரன் அடித்தது, நல்லதாகப் போயிற்று என்று எழுந்துகொண்டாள். மறுவாரம் அதே கேள்வியை ஜெனோவா அதே குரலில் கேட்டாள், அன்றைக்கு வடிவு தலைவலி என்றாள். ஆனால் வீட்டுக்குப் போனால் சோற்றுத் தட்டு முன்னால் அந்தக் கேள்வி உட்கார்ந்திருந்தது, கிணற்று வாளிக்குள் கிடந்தது, அவள் எங்கே கையை வைத்தாலும் கையின் கீழே மூன்று குதி, ஒரு விடுதல், இரண்டு குதி. உயிரோடிருந்தபோது காதால் பிடித்த பாட்டு இப்போது எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை ஜெனோவா கேட்டபோது மேடை காலியாக இருந்தது, மணி நாலாகியிருந்தது. வடிவு கூண்டிலிருந்து இறங்கி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அந்த லாரிக்கு எடை பாத்தது நான்தான்.”

ஜெனோவா எண்பலகையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“அண்ணைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வந்துது. முப்பத்தோரு டன் இருந்துது. இருபத்தஞ்சுதான் ஏத்தலாம். அண்ணாச்சி, வழக்கம்போல எழுதுன்னாரு. நான் இருபத்துநாலரைன்னு சீட்டு எழுதிக் குடுத்தேன். அந்தச் சீட்டுதான் கேசுலயும் போச்சு. லாரில பாரம் சரி, பிள்ளதான் வேகமா வந்துட்டுன்னு முடிச்சிட்டாவ. பாரம் சரியா இருந்தா இறக்கத்துல பிரேக் பிடிச்சிருக்கும்.” அவள் நிறுத்திவிட்டு, சொல்லாமல் விட்டால் எல்லாமே பொய்யாகிவிடும் என்பது போல மீதியையும் சொன்னாள். “மொத நாளு நான் அவ கச்சேரிலதான் நின்னேன். முன்வரிசை. பாதிப் பாட்டுல கரண்டப் பிடுங்குனப்ப, அவ மிச்சத்த நாளைக்குன்னு சொன்னது என் காதுல விழுந்துது.”

எண்பலகையில் நாற்பத்தேழு வந்தது. கூட்டம் காலைத் தட்டத் தொடங்கியது. நாலு நிமிஷமும் ஜெனோவா வடிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் பூஜ்யத்தில் நின்ற பிறகு எழுந்து, ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “இத போலீஸ் ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வடிவு மறுநாள் காலையே போய் எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் இரண்டு தடவை வாசித்தார், “உங்க மேலயும் சேத்துல்லா கேசு வரும்” என்றார், தெரியும் என்றாள். சுயம்புக்கனி அண்ணாச்சியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் திரும்பி வந்து, “ஏ வடிவு, உனக்கு நான் என்ன குறை வச்சேன்” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், மாசக் கடைசியோடு நின்றுகொள் என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் கூடுதலாக இருந்தது. மூடின வழக்கை மறுபடி எடுக்கலாமா என்று கேட்டு மேலே காகிதம் போயிற்று. உப்பு லாரிகள் யாரும் சொல்லாமலே பாரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தன. ஜெனோவா வரவில்லை. ஒரு நாள், ஒரு வாரம், பதினோரு நாள் வரவில்லை, ஸ்டூல் இருந்த இடத்தை ஆடுகிறவர்கள்கூட மிதிக்காமல் விலகிப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் வடிவுக்கு வேலையில் கடைசி நாள். மூன்றரை மணிக்கு ஒரு மினி லாரி வந்து வேப்பமரத்தடியில் நின்றது. முன்னால் ஜெனோவா இறங்கினாள், பின்னாலிருந்து காஜாவும் ரெமிஜியுஸும் இறங்கினார்கள். காஜா இப்போது செல்போன் கடை வைத்திருந்தான், ரெமிஜியுஸ் விசைப்படகுகளுக்கு என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தான், டெல்மாவின் அடக்கத்துக்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எடைமேடையில் நடப்பதை ஊரே போய்ப் பார்த்தும் அவர்கள் இரண்டு பேரும் வந்ததில்லை. ஜெனோவா இருவர் வீட்டுக்கும் போய், வாசலில் உட்கார்ந்து, வருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லையாம்.

“மிச்சம் ஒங்களுக்குத் தெரியும்லா? அத அடிங்க” என்றாள்.

“அவ இல்லாம அது பாட்டா இருக்காதும்மா” என்றான் ரெமிஜியுஸ்.

“அவதான் இருக்காளே.”

கூண்டிலிருந்து மின்சாரம் இழுத்தார்கள், வடிவே வயரைச் செருகினாள். நாலு பத்துக்கு எண்பலகை துடித்தது, ரெமிஜியுஸ் அதைப் பார்த்தான், பார்த்த கணத்தில் அவன் முகம் வேறு யாருடையதோ மாதிரி ஆயிற்று, விரல் மட்டும் அதன் பாட்டுக்குக் கம்பியில் இறங்கி நடக்க ஆரம்பித்தது. அதற்கு மேல் காஜா. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கித்தாரும் ஒரு குரலும் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது, அந்தக் காலியிடம் இரும்புக்கு அடியிலிருந்து அடித்தது. கூட்டம் ஆடவில்லை. உப்பளத்தில் நிமிர்ந்து நின்ற பெண்கள் நின்றபடியே கேட்டார்கள். ஆறரை வருஷத்துக்கு முன்பு கால் மேலே போன அந்த இடம் வந்தது, வடிவு கண்ணை மூடிக்கொண்டாள், மாட்டு மணி அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று, கண்ணைத் திறந்து பார்த்தால் எண்பலகையில் நாற்பத்தேழு. கால் இறங்கிவிட்டது. பாட்டு மேலே போகிறது.

அப்போதுதான் ஜெனோவா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேடையில் ஏறினாள். அவள் எடை ஐம்பத்தெட்டு. எண்பலகை நூற்றைந்து என்றது, ஐம்பத்தெட்டு என்றது, நூற்றைந்து, ஐம்பத்தெட்டு. அவள் ஆடவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்ட நெரிசலில் பிள்ளையைத் தவறவிடாமல் நிற்கிறவள் மாதிரி, கைகளைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. முடிந்தபோது கடைசி அடி விழுந்த இடத்திலேயே எண்பலகை நூற்றைந்தில் நின்றது. குதிக்கவில்லை, குறையவில்லை. யாரோ விசும்பினார்கள். ஜெனோவா இறங்கினாள், பூஜ்யம் வந்தது, மறுநாள் நாலு பத்துக்கும் பூஜ்யம்தான், அதற்கு மறுநாளும். வருகிற கூட்டம் பத்து நாளில் நின்றது. உப்பளத்து நாலு நிமிஷம் மட்டும் நிற்கவில்லை, அது வழக்கமாகிப் போயிருந்தது.

பாட்டு முடிந்த அன்றைக்கு மினி லாரியில் ஏறும்போதே ஜெனோவா உட்கார்ந்த பக்கம் வண்டி சாய்ந்ததாம். மறுவாரம் பிரஷர் பார்க்கப் போன இடத்தில் நர்ஸ் எடை எந்திரத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள், நூற்றைந்து. இளைத்த உடம்பு இளைத்த மாதிரியே இருந்தது, ரவிக்கை இறுகவில்லை, ஆனால் கடற்கரையில் நடந்தால் பாதம் கணுக்கால் வரை பதிந்தது, விடுதிச் சமையலறையில் தட்டுகள் அவள் வருவதை முன்கூட்டியே சொல்லின, ஷேர் ஆட்டோக்காரர்கள் அவளை நடுவில் உட்காரச் சொன்னார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கோயிலில் மட்டும் அவளுக்குப் பெஞ்சில் இரண்டு ஆள் இடம் விட்டார்கள்.

வடிவு ஜெனோவா வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று ஆடி மாதம் வரை இருந்தாள். வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதாகக் காகிதம் வந்த வாரக் கடைசியில், அதைக் காட்டுகிற சாக்கில் போனாள். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணி. கதவு திறந்துதான் கிடந்தது. ஜெனோவா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், காகிதத்தை வாங்கி வாசித்தாள், மடித்துக் கொடுத்தாள். மன்னிப்பு என்கிற பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. “உக்காரு” என்றாள், கீரையில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள். வெகுநேரம் ஆய்ந்தார்கள்.

“கனமா இருக்காம்மா?” என்று வடிவு கேட்டாள்.

“கனத்தப் பத்தி ஒண்ணுமில்ல. சும்மா நிக்க மாட்டேங்கா. இந்தா பாரு.”

ஜெனோவா அவள் கையை எடுத்துத் தன் முழங்காலுக்கு அருகே தரையில் வைத்தாள். சிமெண்டுத் தரை உள்ளுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. வடிவு மூன்று குதிக்கும் ஒரு விடுதலுக்கும் காத்திருந்தாள், அது வரவில்லை. ஐந்து அடி வந்தது, நீளமாக ஒரு நிறுத்தம், பிறகு பின்பக்கமாக நடக்கிற மாதிரி தயங்கித் தயங்கி இரண்டு. பத்தொன்பது பாட்டையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்து வைத்துப் பார்த்தாள், பேர் வைக்காததையும் வைத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. கையை எடுக்கவில்லை.

“இது புதுசும்மா. நான் கேட்டதே இல்ல” என்றாள்.

ஜெனோவா கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே கேட்டாள்: “நல்லாருக்கா?”

வடிவு இன்னொரு கையையும் தரையில் வைத்து, தலையைச் சாய்த்து, அது இரண்டு தடவை சுற்றி வருகிற வரைக்கும் கேட்டாள்.

“இன்னும் முடிக்கல” என்றாள். “ஆனா ஆரம்பம் நல்லாருக்கு.”